பேனாக் கீறல் விழுந்த சீட்டு

மேஜிக் சீட்டு ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். டிராகன் இருக்கும், இறக்கை விரித்த தேவதை இருக்கும், வேறு எதைப் பார்ப்பார்கள்! நீங்கள் மட்டும் ஒரு நிமிடம் அதைக் கவிழ்த்துப் பிடியுங்கள். பழைய தோல் அட்டை போட்ட மந்திரப் புத்தகம் மாதிரி பழுப்பு நிறம். நடுவில் வட்டமாக ஐந்து வண்ணப் பொட்டுகள். மேலே நீல எழுத்தில் ‘மேஜிக்’. அடியில் ‘டெக்மாஸ்டர்’ என்று இன்னொரு பெயர். அந்த அடிப்பெயரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோங்கள். எழுத்துகளின் மேல் மெல்லிசாக ஒரு கோடு, யாரோ கைதவறிப் பேனாவை இழுத்துவிட்டது போல. தெரிகிறதா?

அச்சுக்குப் போகும்போதே மூலப்படத்தில் ஒட்டிக்கொண்டு போன கோடு அது. 1993-லிருந்து இன்றுவரை கோடிக்கணக்கான சீட்டுகளின் முதுகில் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. அழித்துவிட்டால் என்ன? அழிக்கவே முடியாது! புதுச் சீட்டில் கோடு இல்லாமல் பழையதில் மட்டும் இருந்தால், கட்டைக் கலைத்துப் போட்டாலும் எது எந்தச் சீட்டு என்று முதுகை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். குறிவைத்த சீட்டை வைத்து யார் ஆடுவார்கள்? ‘டெக்மாஸ்டர்’ கதையும் அதேதான். அந்தப் பெயரில் வரிசையாகப் பல சீட்டு விளையாட்டுகள் வெளியிடுவதாகத் திட்டம். சில வந்தன, பெயர் வழக்கொழிந்தது. மேஜிக்கின் முதுகில் மட்டும் ஆணியடித்தது போல் நிற்கிறது. பாக்கெட்டின் மேல் விளையாட்டின் பெயர் எப்போதோ மஞ்சளுக்கு மாறிவிட்டது. முதுகில் இன்னும் அதே நீலம்.

எனக்கு இந்த விளையாட்டின் மேல் பைத்தியம் பிடித்ததே இந்த மாதிரி விஷயங்களால்தான். ‘மேஜிக்: தி கேதரிங்’ இரண்டு மந்திரவாதிகள் மோதும் ஆட்டம். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி, ஆளுக்கொரு கட்டு. அந்தக் கட்டை நீங்களே காசு கொடுத்து வாங்கி, பிடித்ததைப் பொறுக்கி, நண்பனிடம் மாற்றிக்கொண்டு அடுக்க வேண்டும். எதிராளி கையில் என்னென்ன சீட்டு வைத்திருக்கிறான் என்று ஆட்டம் தொடங்கும்வரை உங்களுக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் மேசை விளையாட்டு உலகத்தையே இது புரட்டிப்போட்டது. அதைச் செய்தவர்களோ அடுத்த மாதம் வாடகை கொடுத்தால் போதும் என்ற நிலையில் இருந்தவர்கள். அவசரத்துக்குச் செய்துவைத்த ஏற்பாடுகள் எல்லாம் பின்னால் கல்வெட்டாகிவிட்டன. வாருங்கள், கொல்லைப்புறமாக உள்ளே போவோம்!

அமெரிக்காவின் சியாட்டில் பக்கம், ஒரு வீட்டின் நிலவறை. வீட்டுக்காரர் பீட்டர் அட்கிசன். பகலில் போயிங் விமான நிறுவனத்தில் கணினி வேலை, ராத்திரியில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற வேடமேற்று ஆடும் விளையாட்டு. அந்தப் பித்தில் 1990-ல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்று ஒரு சின்ன நிறுவனம் ஆரம்பித்தார். நோக்கம் சீட்டு அல்ல, அந்த மாதிரி விளையாட்டுகளுக்குப் புத்தகம் போடுவது. 1992-ல் போட்ட முதல் புத்தகத்திலேயே சிக்கல். தன் விளையாட்டுகளை அனுமதியின்றி அதில் சேர்த்துக்கொண்டதாக பல்லேடியம் புக்ஸ் என்ற விளையாட்டுப் பதிப்பகம் வழக்குப் போட்டது. இரண்டு தரப்பும் சமரசமாக 1993 ஆகிவிட்டது.

அதற்கு முன்பே, 1991-ல், மைக் டேவிஸ் என்ற நண்பரின் மூலம் ஒரு கணித மாணவர் அட்கிசனைப் பார்க்க வந்திருந்தார். ரிச்சர்ட் கார்ஃபீல்ட். பென்சில்வேனியா பல்கலையில் பிஎச்.டி. படித்துக்கொண்டிருந்தவர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து சுட்டுக் கொல்லப்பட்ட ஜேம்ஸ் கார்ஃபீல்டின் கொள்ளுப்பேரனுக்கு மகன். அப்பா கட்டடக் கலைஞர் என்பதால் சின்ன வயதில் வங்கதேசத்திலும் நேபாளத்திலும் கொஞ்ச காலம் வளர்ந்தவர். (ஆமாம், நம்ம பக்கத்துப் பையன்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.) அவர் கொண்டுவந்தது ‘ரோபோராலி’ என்ற பலகை விளையாட்டு. தொழிற்சாலைக்குள் ரோபோக்கள் முட்டி மோதி ஓடும் பந்தயம். அட்கிசனுக்குப் பிடித்தது. ஆனால் பலகை, பொம்மை, பெட்டி எல்லாம் செய்யக் கையில் பணம் ஏது? ‘செலவு கம்மியாக, பையில் போட்டு எடுத்துப்போகிற மாதிரி, விளையாட்டு மாநாடுகளில் இரண்டு பெரிய ஆட்டத்துக்கு நடுவில் சீக்கிரம் ஆடி முடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?’ என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

கவனித்தீர்களா? அவர் கேட்டது நேரம் போக்க ஒரு துணை ஆட்டம். முக்கிய ஆட்டம் தொடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்காமல் இருக்க!

கார்ஃபீல்ட் யோசிக்கப் போன இடம் ஆரெகன் மாநிலத்தின் மல்ட்னோமா அருவி. அங்கே மலையேறிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். எல்லோரும் ஒரே சீட்டுக்கட்டில் ஏன் ஆட வேண்டும்? ஆளாளுக்கு வேறு வேறு சீட்டு இருந்தால்? கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. அதற்கு முன்னால் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட சீட்டுகளைச் சேகரித்தார்கள், ஆடவில்லை. சீட்டுக்கட்டில் ஆடினார்கள், சேகரிக்கவில்லை. இரண்டையும் ஒரே பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று யோசித்தவர் இந்த மனிதர். 1997-ல் இதற்குக் காப்புரிமையே கிடைத்தது.

இப்போது கார்ஃபீல்ட் படித்த பிலடெல்பியாவுக்குப் போவோம், எனக்கு மிகவும் பிடித்த அறைக்கு. முதல் சீட்டுகளைக் கார்ஃபீல்ட் கையால் செய்தார். கண்ணில் பட்ட படங்களையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிய 120 சீட்டுகள். அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு 60 என்று நண்பர் பேரி ரீச்சோடு ஆடிப் பார்த்தார். அது ஓடியது! அப்புறம் பல்கலை நண்பர்கள் ஒவ்வொருவராக மாட்டினார்கள். ஸ்காஃப் இலயாஸ், ஜிம் லின், டேவ் பெட்டி, கிறிஸ் பேஜ் என்று ஒரு கூட்டம். பிரிட்ஜ் ஆடும் வட்டத்திலிருந்து பில் ரோஸ், ஜோயல் மிக் என்று இன்னொரு கூட்டம். பாடம், ஆராய்ச்சி எல்லாம் ஒருபக்கம், சீட்டைப் பண்டமாற்றுச் செய்வது மறுபக்கம். இன்றைக்கு நாம் செய்யும் பேரம், ஏமாற்று, ‘உன்னிடம் அது இருக்கிறதாமே’ என்ற விசாரிப்பு எல்லாமே அந்த ஜெராக்ஸ் துண்டுகளை வைத்து அங்கேயே நடந்துவிட்டது.

அங்கே நடந்த ஒரு கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ‘டைம் வாக்’ என்று ஒரு சீட்டு. எதிராளிக்கு அடுத்த முறை ஆட வாய்ப்பில்லை, நீங்களே மறுபடி ஆடலாம் என்பது அதன் பலன். கார்ஃபீல்ட் அதில் ‘எதிராளி அடுத்த முறையை இழப்பார்’ என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவைத்தார். அதை ‘எதிராளி அடுத்த முறையில் தோற்பார்’ என்றும் படிக்கலாம்! ஒருவர் வந்து, என்னிடம் இருக்கும் ஒரு சீட்டைப் போட்டால் அடுத்த முறையில் நான் கட்டாயம் ஜெயிக்கிறேன் என்றாராம். கார்ஃபீல்டுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி ஒரு சீட்டை நான் எழுதவே இல்லையே! வாங்கிப் பார்த்தால் இது. அந்தச் சீட்டுக்காக அந்த ஆட்டக்காரர் நண்பர்களிடம் என்னவெல்லாம் விட்டுக்கொடுத்து வாங்கியிருப்பாரோ, நினைத்தாலே சிரிப்பு.

இன்னொரு வேடிக்கை, ஐந்து சீட்டுகள் சேர்ந்த ஒரு குடும்பம். விளையாட்டில் ஐந்து நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரே ஒரு மந்திர சக்தி கொடுத்தால் ஏதோ ஒன்று மூன்று கிடைக்கிற மாதிரி ஒரு சீட்டு. வெள்ளைக்கு 3 உயிர்ப்புள்ளி. சிவப்புக்கு எதிராளி மேல் 3 அடி. பச்சைக்கு நம் மிருகம் மூன்று மடங்கு அல்ல, 3 புள்ளி பெரிசாகும். கறுப்புக்கு 3 மந்திர சக்தி. நீலத்துக்கு? 3 சீட்டு எடுத்துக்கொள்ளலாம். பார்த்தால் என்ன அழகான சமநிலை! ஆடிப் பார்த்தால், வெள்ளைச் சீட்டை ஒருத்தரும் தொடமாட்டார்கள், நீலச் சீட்டு விளையாட்டு வரலாற்றிலேயே அதிபயங்கரமான ஒன்பதில் ஒன்று. கணிதத்தில் பிஎச்.டி. வாங்கியவர் செய்த கணக்கு!

ஆனால் அவர் முட்டாள் இல்லை. நீலச் சீட்டின் பலம் தெரிந்துதான் அதை அபூர்வச் சீட்டுகளின் பட்டியலுக்குத் தள்ளினார்கள். கணக்கு வேறு இடத்தில் உதைத்தது. ஒரு ஆள் கொஞ்சம் பாக்கெட் வாங்குவான், நண்பர் வட்டம் முழுக்கத் தேடினாலும் அந்த மாதிரிச் சீட்டு ஒன்றோ இரண்டோதான் இருக்கும் என்று நம்பினார்கள். பலகை விளையாட்டு ஒன்றுக்கு மனிதர்கள் எவ்வளவு செலவழிப்பார்களோ அவ்வளவுதான் இதற்கும் செலவழிப்பார்கள் என்ற நம்பிக்கை. பெட்டி பெட்டியாக வாங்கி உடைப்பார்கள் என்று யார் கண்டது? அதனால் முதல் விதிப் புத்தகத்தில், கட்டில் குறைந்தது 40 சீட்டு வேண்டும் என்று இருந்ததே தவிர ஒரே சீட்டை எத்தனை முறை வைக்கலாம் என்பதற்குத் தடையே இல்லை. விவரமானவர்கள் ஒரே சீட்டை இருபது முப்பது என்று அடுக்கிக்கொண்டு வந்து, எதிராளி தன் முதல் சீட்டைப் போடுவதற்குள் ஆட்டத்தை முடித்தார்கள். 60 சீட்டு, ஒரே சீட்டு நான்குக்கு மேல் கூடாது என்ற விதியெல்லாம் 1994-ல் வந்த ஒட்டு.

பந்தயமும் இருந்தது, தெரியுமா? நம் ஊர்க் கோலிகுண்டு மாதிரி, தோற்றால் பொருள் போச்சு! ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பேரும் தங்கள் கட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். ஜெயித்தவருக்கு இரண்டும் சொந்தம். நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது, என் சீட்டு போகாதவரை. சூதாட்டச் சட்டமும் மக்களின் கண்ணீரும் சேர்ந்து சீக்கிரமே அதை மூட்டைகட்டி அனுப்பின.

படங்களுக்கு வருவோம். அதற்குப் பொறுப்பு ஜெஸ்பர் மிர்ஃபோர்ஸ், சியாட்டிலின் கார்னிஷ் கலைக் கல்லூரியில் படித்தவர். பணம் இல்லாத நிறுவனத்துக்கு 295 சீட்டுக்குப் படம் வேண்டும். பெரிய பெயர்களைப் பிடிக்க வழியில்லை. தன் கல்லூரி சகாக்களையும் தெரிந்த இளம் ஓவியர்களையும் இழுத்துவந்தார். படத்துக்கு 50 டாலர் அளவில் ரொக்கம், கூடவே நிறுவனத்தின் பங்கு. அன்றைக்கு அந்தப் பங்குக் காகிதம் பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். 1999-ல் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ சுமார் 325 மில்லியன் டாலருக்கு நிறுவனத்தை வாங்கியபோது அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர்களின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்!

அந்த ஓவியக் கூட்டத்தில் யார் யார் என்று தேடுவதே தனி சுகம். ‘ஸ்டேசிஸ்’ என்ற சீட்டின் படம் மற்ற எதோடும் ஒட்டாது, யாரோ அருங்காட்சியகத்திலிருந்து பெயர்த்துவந்து ஒட்டிய மாதிரி இருக்கும். வரைந்தவர் ஃபே ஜோன்ஸ், சியாட்டிலில் பெயர் பெற்ற ஓவியர், கார்ஃபீல்டின் அத்தை முறை! மிர்ஃபோர்ஸ் தானே வரைந்த ‘வேர்ட் ஆஃப் கமாண்ட்’ சீட்டைப் பார்த்தால் அச்சு மை கொட்டிவிட்டதோ என்று சந்தேகம் வரும். கும்மிருட்டில் இரண்டு கண் மட்டும். கிறிஸ்டஃபர் ரஷ் வரைந்தது ‘பிளாக் லோட்டஸ்’. பசேல் என்ற பின்னணியில் ஒரு கறுப்புத் தாமரை. 2021-ல் அதன் முதல் அச்சுப் பிரதி ஒன்று, ரஷ்ஷின் கையெழுத்திட்ட உறையோடு, 5,11,100 டாலருக்கு ஏலம் போனது.

பெயர்களிலும் குறும்பு. ‘நெவின்யரல்’ என்று ஒரு மந்திரவாதியின் பெயரில் வட்டு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் திருப்பிப் படித்தால் அறிவியல் புனைகதை எழுத்தாளர் லாரி நிவன். 1996-ல் வந்த ஒரு சீட்டில் ஊதா நிறத்தில் பறக்கும் நீர்யானை. அதற்கு ‘ஃபெல்டகிரிஃப்’ என்று பல்லை உடைக்கும் பெயர். ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் கார்ஃபீல்ட், பிஎச்.டி.!

சீட்டு அச்சானது அமெரிக்காவில் இல்லை. பெல்ஜியத்தின் டர்ன்ஹவுட் நகரில், கார்டா முண்டி என்ற சீட்டுக்கட்டு ஆலையில். இங்கே ஒரு தாளைப் பக்கத்தில் பார்த்தே ஆக வேண்டும். குறுக்கே 11, நெடுக்கே 11, ஆக ஒரு தாளுக்கு 121 சீட்டு. முதல் பதிப்பில் அபூர்வச் சீட்டுகள் 116. மிச்சம் ஐந்து கட்டம் காலி. அந்த ஐந்திலும் மந்திர சக்தி தரும் ‘ஐலேண்ட்’ என்ற சாதாரண நிலச் சீட்டைப் போட்டு நிரப்பிவிட்டார்கள்! 15 சீட்டு உள்ள பாக்கெட்டை ஆசையாகப் பிரிக்கிறீர்கள், அபூர்வச் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில், ஊரெல்லாம் சீந்துவாரற்றுக் கிடக்கும் ஒரு தீவு. கடைக்காரரிடம் சண்டை போட்டால் அவர் என்ன செய்வார் பாவம்.

அந்த முதல் பதிப்பின் ஓட்டைகளை நான் ஒரு ரசிகனின் வெறியோடு எண்ணி மகிழ்வதுண்டு. இரட்டை நிலச் சீட்டுகள் பத்து வர வேண்டும், ஒன்பதுதான் வந்தன. ‘வல்கானிக் ஐலேண்ட்’ விடுபட்டுப்போனது. ஐந்து நிறத்துக்கும் காப்பு வட்டம் வர வேண்டும், கறுப்புக்கு மட்டும் இல்லை. ‘சைக்ளோபியன் டூம்’ என்ற சீட்டில் அதை ஆட எவ்வளவு மந்திர சக்தி வேண்டும் என்பதையே போடவில்லை. நான்கு சக்தி கேட்க வேண்டிய இன்னொரு சீட்டு இரண்டே போதும் என்றது. மூலைகளைக் கொஞ்சம் அதிகமாக வளைத்து வெட்டிவிட்டதால் அடுத்த பதிப்போடு சேர்த்து வைத்தால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். முதுகு ஒன்றாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டு, மூலையில் கோட்டைவிட்டார்கள்!

இதையெல்லாம் தாண்டி, 1993 ஆகஸ்டில் வெளியீடு. அதற்கு முன் அட்கிசன் மேற்குக் கரையோரம் கடை கடையாகக் காரோட்டிப் போய், மேசையில் உட்கார்ந்து ஆடிக்காட்டி ஆள் பிடித்தார். முதல் அச்சு 26 லட்சம் சீட்டு. மில்வாக்கியில் நடந்த ஜென் கான் விளையாட்டு மாநாட்டில் வந்தவர்கள், அட்கிசன் முதலில் கேட்ட மாதிரியே, மற்ற ஆட்டங்களுக்கு நடுவில் இதை ஆடிப் பார்த்தார்கள். அப்புறம் மற்ற ஆட்டங்களுக்குப் போகவே இல்லை. கொஞ்ச காலம் தாங்கும் என்று நினைத்த சரக்கு சட்டென்று தீர்ந்தது. தவறுகளைத் திருத்தி, அதைப்போல் மூன்று மடங்குக்குக் கிட்டத்தில் இரண்டாவது அச்சு. அதுவும் காலி.

உடனே விரிவாக்கம் வேண்டும் என்றார்கள். ஆயிரத்தொரு அராபிய இரவுகளைப் பிடித்துக்கொண்டு கார்ஃபீல்ட் தானே அவசரமாக எழுதியதுதான் டிசம்பரில் வந்த ‘அரேபியன் நைட்ஸ்’. நீல் கெய்மனின் ‘சாண்ட்மேன்’ சித்திரக்கதையின் பாக்தாத் இதழ் அதற்குத் தூண்டுகோல். இங்கேதான் அந்த முதுகு விவகாரம் வெடித்தது. இந்தச் சீட்டுகளுக்கு வேறு நிறத்தில் முதுகு போடுவதாக இருந்தார்கள், தனி விளையாட்டு மாதிரி! பழகிய ஆட்டக்காரர்கள் குதித்தார்கள். பழைய கட்டோடு கலந்து ஆட முடியாவிட்டால் என்ன பிரயோசனம்? கடைசி நேரத்தில் பழைய பழுப்பு முதுகே போதும் என்று முடிவானது. கலந்தே ஆடப்போகிறார்கள் என்றால் இதில் சாதாரண நிலச் சீட்டுகள் எதற்கு என்று அவற்றையும் எடுத்தார்கள். எடுத்த அவசரத்தில் ஒரே ஒரு ‘மவுண்டன்’ உள்ளேயே தங்கிவிட்டது. பாக்தாத், சிந்துபாத், அலிபாபா, நடுவில் அழைக்காத விருந்தாளியாக ஒரு மலை. பேனாக் கோடு என்றென்றைக்குமாக நிலைத்தது அன்றைக்குத்தான்.

1994-ல் இன்னொரு பெருங்கூத்து. ‘ரிவைஸ்ட்’ பதிப்பு வெளிறிப்போய் அச்சானது, ஒரு சீட்டில் வேறு சீட்டின் படமே ஏறியிருந்தது. கோடைகாலத்தில் எல்லாவற்றையும் திருத்தி மறுபடி அச்சடித்தார்கள். இந்த முறை நிறம் அளவுக்கு மீறி அழுத்தம், புதுத் தவறுகள் வேறு. பச்சைச் சீட்டான ‘ஹரிகேன்’ நீலச் சட்டத்தோடு வந்து நின்றது. மொத்தத்தையும் அழித்துவிடுங்கள் என்று உத்தரவு. ஆனால் சில பெட்டிகள் எப்படியோ தப்பிக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. நீலப் புயல் இன்று சேகரிப்பாளர்கள் தூக்கத்தில் புலம்பும் சீட்டு.

பிறகு பணம் கொட்டியது, 1996-ல் நியூயார்க்கில் பனிப்புயலுக்கு நடுவே தொழில்முறைப் போட்டி தொடங்கியது, 1997-ல் அட்கிசன் தான் பித்துப்பிடித்து ஆடிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸையே, அதன் நிறுவனமான டிஎஸ்ஆரோடு சேர்த்து விலைக்கு வாங்கினார். அதெல்லாம் எங்கும் கிடைக்கும் கதை. எனக்குக் கார்ஃபீல்டின் காதல் விவகாரம்தான் முக்கியம்!

காதலி லில்லி வூவிடம் கல்யாணம் கேட்க அவர் செய்த வேலை: கார்டா முண்டியில் அதற்கென்றே தனியாக ஒரு சீட்டை அச்சடித்தார். பெயர் ‘புரபோசல்’, படம் குவின்டன் ஹூவர். ரிச்சர்ட் லில்லியைக் கேட்கலாம், லில்லி சம்மதித்தால் இருவருக்கும் வெற்றி, இருவர் கட்டையும் ஒன்றாகக் கலந்துவிட வேண்டும் என்பது விதி. சீட்டைத் தன் கட்டில் செருகிக்கொண்டு லில்லியோடு ஆட உட்கார்ந்தார். சீட்டு வரவில்லை! ஆட்டத்தையே கண்டுபிடித்தவருக்குக் கட்டு இரங்கவில்லை. சாதாரணமாக முகத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு ஆட்டம் ஆடலாமா, இன்னொன்று ஆடலாமா என்று இழுத்து, கடைசியில் ஒருவழியாக அது கைக்கு வந்தது. லில்லி சம்மதித்தார். பழக்கம் விடுமா? முதல் குழந்தை பிறந்த செய்தியையும் சீட்டாகவே அச்சடித்து நண்பர்களுக்கு அனுப்பினார். அடுத்த குழந்தைக்கு இன்னொரு சீட்டு. அப்படி வந்த பிறப்புச் செய்திச் சீட்டுகளில் சிலவற்றை நண்பர்கள் பிற்பாடு விற்றுக் காசு பார்த்ததும் உண்டு.